விழுங்காத மாத்திரைகள்

கர்ப்பிணிப் பெண் யாராவது எதிரே வந்தால் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்க்க இன்றைக்கும் என் கை துறுதுறுக்கிறது. தாதி வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிவிட்டது. போன மாதம் ஈப்போ சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆறு மாத வயிற்றோடு ஒரு பெண். உதடு வெளுத்திருந்தது. என்னை அறியாமல் அவள் முகத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்விட்டேன். அவள் பயந்து இரண்டடி நகர்ந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த உதடு கண்ணைவிட்டுப் போகவில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்த கிளினிக்கில் இப்போது தாதியாக இருக்கும் கவிதா அவ்வப்போது போன் செய்வாள். எல்லாம் கணினிக்கு மாறிவிட்டதாம். 'இரும்புச் சத்து மாத்திரை உட்கொள்கிறாரா' என்று ஒரு கேள்வி, பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்.

"எல்லாருமே ஆமாதான் சொல்றாங்க அக்கா. நானும் தட்டிட்டுப் போறேன். ஆனா ரத்தம் ஏற மாட்டேங்குதே. ஏன்கா இவங்க சாப்புட மாட்டேங்குறாங்க?"

போனில் ஏதோ சொல்லி வைத்தேன். சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். படித்து, அரசாங்கத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்து, வெள்ளைச் சீருடையை மாட்டிக்கொண்ட அன்று எங்கள் தேவாலயத்தில் பாதிரியார் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். தெரேசா என்ற நான் அன்றிலிருந்து எல்லாருக்கும் 'தெரேசா மிசி' ஆனேன். எங்கள் பக்கம் தாதி என்றால் மிசிதான்.

முதல் வேலை தோட்டப்புறத்தில். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அளவு பார்ப்போம். பதினொன்றுக்குக் கீழே போனால் சோகை. எட்டுக்குக் கீழே என்றால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. காரணம் எளிது. பிள்ளை பெறும்போது எல்லாருக்கும் ரத்தம் போகும். நிறைய வைத்திருப்பவள் தாங்குவாள். இல்லாதவளைக் காப்பாற்ற நேரம் இருக்காது.

மாத்திரை சாப்பிடாததற்கு அந்த நாளில் கேட்ட காரணங்கள் எத்தனையோ. சரோஜா என்று ரப்பர் பால் வெட்டும் ஒரு பெண். ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டாள், ரத்தம் ஏறவே இல்லை. ஒருநாள் பசியாறும் நேரத்தில் அவள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், கடுங்கறுப்புத் தேத்தண்ணியோடு மாத்திரையை முழுங்கிக்கொண்டிருந்தாள். தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. 'தேநீரோடு சாப்பிடாதே' என்று நான் சொல்லியே இருக்கவில்லை. இன்னொருத்தி இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாள். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து வயிற்றுக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்று நடுங்கிப் போயிருக்கிறாள். அது மாத்திரையின் நிறம்தான் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

இப்படி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, செமோர் பக்கம் ஒரு சிறிய கிளினிக்குக்கு மாற்றலாகி வந்தபோது, எனக்குத் தெரியாத காரணமே இனி இல்லை என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் புவனேஸ்வரி வந்தாள்.

வயது இருபத்தாறு. கையுறை செய்யும் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் வேலை. அங்கிருந்த ரப்பர் தோட்டத்தை விற்ற பிறகு அதன் ஓரத்தில் கட்டிய மலிவு விலைக் குடியிருப்பில், எங்கள் பேச்சில் தாமானில், வீடு. கணவன் சிவகுமார் லூமுட் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவன். இரண்டாவது கர்ப்பம். முதல் பிள்ளை அவள் அம்மா வீட்டுப் பக்கம், வேறு மாவட்டத்தில் பிறந்தது. பெண் குழந்தை, எடை நாலு கிலோ நூறு. அந்த எடையைப் பார்த்ததும் சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இனிப்புத் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். முடிவு சரியாகவே வந்தது. அவளுடைய கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். அதோடு அந்த முதல் பிள்ளையை மறந்தும் போனேன்.

முதல் முறை அவள் ரத்தம் பத்து புள்ளி ஆறு. மாத்திரை கொடுத்தேன். அடுத்த மாதம் ஒன்பது புள்ளி எட்டு. அதற்கடுத்து ஒன்பது.

"மாத்திரை சாப்புடுறியாமா?"

"சாப்புடுறேன் மிசி."

"தேத்தண்ணியோட போட்டியா?"

"இல்ல மிசி, பச்சத்தண்ணிதான்."

"வெளிக்குப் போறது என்ன கலரு?"

"கறுப்பாதான் போவுது."

பதில் ஒன்றுகூடத் தடுமாறவில்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வேண்டும் என்று நானே அவளுக்கு மாதாமாதம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அவள் சொன்னதை நம்பியதால் வைத்தியம் வேறு பக்கம் திரும்பியது. சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் வேறு வியாதி இருக்கவேண்டும் அல்லவா? எங்கள் இளம் டாக்டர் பரம்பரை ரத்த நோயான தலசீமியா இருக்குமோ என்று ரத்தத்தை ஈப்போவுக்கு அனுப்பினார். முடிவு வரச் சில வாரம். அந்த வாரங்களில் அவள் புத்தகத்தை நான் எடுத்து எடுத்துப் பார்த்தேன். மாத்திரையை இரட்டிப்பாக்கினோம். ஆட்டு ஈரல், முருங்கைக் கீரை, கொய்யாப் பழம் என்று பட்டியல் போட்டேன். வயிறு ஏழு மாதத்தைத் தாண்டியபோது அளவு ஏழு புள்ளி எட்டு. தலசீமியா இல்லை என்று கடிதமும் அதே நாளில் வந்தது.

"படியேறுனா மூச்சு வாங்குதா?" என்றேன். "கொஞ்சம்" என்றாள். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்கிற பெண் அவள்.

அந்த வாரம்தான் சிஸ்டர் ஆய்வுக்கு வந்தார். சிஸ்டர் நோராயினி எங்கள் பகுதித் தாதிகளுக்கெல்லாம் தலைவி. மலாய்க்காரர். ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் புரியும், அரைகுறையாகப் பேசவும் செய்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் வண்டி வாசலில் நின்றால் நாங்கள் அவசரமாகப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கிவிடுவோம். அவர் வழக்கம் இப்படி: மேசைக்கு எதிரே உட்காரமாட்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு நம் பக்கத்திலேயே வந்து உட்காருவார். கண்ணாடியைக் கழற்றிச் சீருடை ஓரத்தால் துடைப்பார். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்து நம்மிடமே கொடுத்து, நம் கையெழுத்தை நாமே உரக்க வாசிக்கச் சொல்வார்.

அன்று புவனாவின் இளஞ்சிவப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். வாசித்தேன். ஒவ்வொரு வருகையிலும் தேதி, எடை, ரத்த அழுத்தம், ரத்த அளவு. கீழே மலாயில் இரண்டு வார்த்தை: 'நாசிஹாட் டிபெரி'. அறிவுரை வழங்கப்பட்டது. அடுத்த மாதமும் அதே. அதற்கடுத்தும் அதே. ஆறாவது தடவை அதை வாசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "நாசிஹாட் டிபெரி. ஹ்ம். டியா காத்தா அப்பா?"

அறிவுரை கொடுத்தாய், சரி. அவள் என்ன சொன்னாள்?

நான் புத்தகத்தைப் புரட்டினேன். இத்தனை மாதத்தில் நான் சொன்னதற்குக் கணக்கு அதில் இருந்தது. அவள் சொன்னது ஒரு வார்த்தை இல்லை.

"மாமியார் கட்டுப்பாடா இருக்கும் சிஸ்டர்," என்றேன். "சூடு, குளிர்ச்சின்னு எதையாவது சொல்லித் தடுப்பாங்க. அந்தத் தாமான்ல அப்படித்தான்."

"மாமியாரை நீ பார்த்தியா?" என்று தமிழிலேயே கேட்டார்.

பார்த்ததில்லை. "நாளைக்குப் போ," என்றார்.

மறுநாள் காலை என் சின்ன கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அந்த மாமியாரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். பார்வதி அக்கா கதவைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறவர், அன்று விடுப்பு. முன்பு அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். நான் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, ஒங்க மருமகளுக்கு ரத்தம் ஏழுல நிக்குது. மாத்திரை சூடு, அது இதுன்னு யாராச்சும் சொல்றீங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "நானா? மிசி, தெனமும் அவ ஷிப்ட்டுக்குப் போறதுக்கு முன்னால நான்தான் என் கையால எடுத்துக் கொடுக்குறேன். தண்ணியும் நான்தான் ஊத்துறேன். முழுங்குற வரைக்கும் நின்னு பாக்குறேன்லா! ஈரல் வாங்கியாந்து வறுத்துப் போடுறேன். இதுக்கு மேல நான் என்னா செய்யிறது?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய் சொல்கிற முகமில்லை. புவனா சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் குழந்தை வந்தது. நாலு வயது இருக்கும். என்னைப் பார்த்து வெட்கப்பட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தது. பையில் பிஸ்கட் வைத்திருப்பேன், எடுத்து நீட்டினேன். இடது கையால் வாங்கிக்கொண்டது. "சோத்துக் கையால வாங்கும்மா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பார்த்தேன். வலது கை தோளிலிருந்து துவண்டு, உள்ளங்கை பின்பக்கம் திரும்பித் தொங்கியது.

பார்வதி அக்கா, "யாழினி, வாமா, மிசிக்கு மைலோ கலக்கலாம்" என்று குழந்தையை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எத்தனையோ அறிவுரை நாக்கு நுனியில் வந்தது. அடக்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியாம போச்சு புவனா," என்றேன். "என்னா நடந்துச்சுன்னு சொல்றியா?"

விரலைப் பிசைந்துகொண்டே சொன்னாள். முதல் பிரசவத்தில் தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. அறைக்குள் திடீரென்று ஆட்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் அவள் காலைப் பிடித்து வயிற்றோடு மடக்கினார்கள், ஒருவர் அடிவயிற்றை அழுத்தினார். பிள்ளை அழவில்லை. "நான் செத்துட்டேன்னே நெனச்சேன் மிசி. பிள்ளையும் போச்சுன்னு நெனச்சேன்." கடைசியில் பிள்ளை பிழைத்தது. கை நரம்பு இழுபட்டுப் போயிருந்தது.

"வார்டுல பக்கத்துக் கட்டில் அக்கா சொன்னாங்க, சத்து மாத்திரைய ஒன்னுவிடாம தின்னியே, அதான் பிள்ளை பெருத்துப் போச்சுன்னு. நெசந்தான் மிசி. மொதோ பிள்ளைக்கு நான் ஒரு நாளும் மறக்கல. ஒன்னுகூட விடல."

"அதுக்காகவா இப்ப…"

"நாக்குக்கு அடியில வெச்சுக்குவேன். அத்தை அந்தப் பக்கம் போனதும் பாத்ரூம்ல துப்பிருவேன். இந்தப் பிள்ளை சின்னதா பொறந்தா போதும் மிசி. கை நல்லா இருந்தா போதும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேமா."

அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கேட்டேனே மிசி. மொதோ நாளே கேட்டேன். இந்த மாத்திரைய தின்னா பிள்ளை பெருசா வருமான்னு. நீங்க சிரிச்சீங்க. கண்டிப்பா, கொழுகொழுன்னு பொறக்கும் பாருன்னு சொன்னீங்க."

அந்த நாள் எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். முப்பது வருடமாக எல்லாப் பெண்களிடமும் நான் சொல்லி வந்த வார்த்தை அது. கசக்கும் மாத்திரையை விழுங்கவைக்க அதைவிட நல்ல ஆசை வார்த்தை எனக்குத் தெரியாது. அவள் பயந்து பயந்து வந்து கேட்டிருக்கிறாள். நான் அந்தப் பயத்தைச் சிரித்துக்கொண்டே உறுதிப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். மைலோ வந்தது. குடிக்க முடியவில்லை.

அன்றே டாக்டரிடம் சொன்னேன். இனி மாத்திரைக்கு நேரமில்லை, பெரிய மருத்துவமனையில் ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்ற வேண்டும் என்றார். அதற்கும் புவனா பயந்தாள். மாத்திரையே பெருக்கவைக்கும் என்றால் நேரே ரத்தத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? ஏற்றிக்கொண்டால் நல்லது என்று மறுபடியும் அடித்துப் பேச என்னிடம் தெம்பு இல்லை. "மொதல்ல பிள்ளைய ஸ்கேன்ல பாப்போம். பாத்துட்டு நீயே முடிவு பண்ணு," என்றேன். விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

ஸ்கேன் செய்த டாக்டரம்மா நல்ல மனுஷி. படத்தில் தலையை அளந்தார், தொடையை அளந்தார், வயிற்றை அளந்தார். பிள்ளை பெரிதாக இல்லை, சொல்லப்போனால் அந்த வாரத்துக்குக் கொஞ்சம் சிறிது என்றார். முதல் பிள்ளை பெருத்ததற்கு இரும்பு மாத்திரை காரணமில்லை, அப்போது சர்க்கரை கூடியிருந்திருக்கலாம் என்று நிதானமாகச் சொன்னார். அந்தக் கர்ப்பத்தில் சர்க்கரைப் பரிசோதனை நாளில் வேலைக்குப் போய்விட்டதாகவும் பிறகு போகவே இல்லை என்றும் புவனா சொன்னாள். இந்த முறை பரிசோதனையை மறுபடி எடுத்தார்கள், சரியாக இருந்தது. அதன் பிறகும் ஊசிக்கு அவள் கையை நீட்டவில்லை. சிவகுமார்தான் பேசினான். "யாழினிக்கு ஒரு கைதான் வெளங்கல புவனா. நீ இல்லாம போயிட்டா அவளுக்கு ரெண்டு கையும் இல்லாம போயிரும்." அவள் அழுதுகொண்டே கையை நீட்டினாள்.

பிறகு மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை விரலில் குத்துவேன். எட்டு புள்ளி மூன்று. எட்டு புள்ளி ஒன்பது. ஒன்பது புள்ளி மூன்று. எண் மெதுவாக ஏறியது, வயிறும் இறங்கிக்கொண்டே வந்தது. எது முந்தும் என்பதுதான் கேள்வி.

வயிறுதான் முந்தியது. நாள் குறித்ததற்கு மூன்று வாரம் முன்பே வலி வந்துவிட்டது. காலையில் கிளினிக்கில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். சிவகுமார் போன் செய்தான்.

"மிசி, பிள்ளை பொறந்திருச்சு. ஆம்பளப் பிள்ளை. தோளெல்லாம் நல்லா வந்திருச்சாம். ரெண்டு கையையும் ஆட்டுறான்." குரல் உடைந்தது. "ஆனா அவளுக்கு ரத்தம் நிக்கலையாம் மிசி. கையெழுத்து வாங்கிட்டு உள்ள ஓடுறாங்க."

வெளியே இன்னும் பதினைந்து தாய்மார்கள் வரிசையில் இருந்தார்கள். ஊசியைக் கையில் எடுத்தேன். மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருந்ததை மூன்று தடவை வாசித்தேன், ஒன்றும் மனதில் ஏறவில்லை. அன்று வேறு வேலையாக வந்திருந்த சிஸ்டர் நோராயினி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கிட்டே வந்து ஊசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கை கழுவினார். "பெர்கி, தெரேசா," என்றார். போ.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பார்வதி அக்கா யாழினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் வீட்டில் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே பேசினார். "பக்கத்துல நின்னு பாத்தும் எனக்குத் தெரியலையே மிசி."

"எனக்கும் தெரியலக்கா," என்றேன்.

அதன் பிறகு இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரத்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே ஓடினார். சிறிது நேரத்தில் மறுபடியும் ஓடினார். அந்த ஓட்டத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்து நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். யாழினி மடியிலேயே தூங்கிவிட்டாள்.

மாலை நான்கு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். ரத்தம் நின்றுவிட்டது. நான் தாதி என்று தெரிந்ததால் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஏற்றிய இரும்புச் சத்து கொஞ்சம் கைகொடுத்தது. ஏழில் வந்து இவ்வளவு ரத்தம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

பிள்ளையின் எடை இரண்டு கிலோ எழுநூறு.

பிரசவத்துக்குப் பிறகு தாயை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. பத்தாம் நாள் போனேன். பிள்ளையை எடை பார்த்தேன், தொப்புளைப் பார்த்தேன், புவனாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். இன்னும் வெளுப்புதான். குறைந்தது மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். கேட்டேன். "சாப்புடுறேன் மிசி," என்றாள். புத்தகத்தில் எழுதி, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து மோட்டாரைக் கிளப்பினேன்.

வாசலில் வந்து நின்றாள். "மிசி."

திரும்பினேன்.

"மூணு நாளா சாப்புடல மிசி."

மருத்துவமனையில் பார்த்த ரத்தப் பைகளெல்லாம் கண்முன் வந்தன. மறுபடியுமா?

"அந்தப் பயமெல்லாம் இல்ல மிசி," என்று அவசரமாகச் சொன்னாள். "மாத்திரைய தின்னா வெளிக்குக் கெட்டியா போவுது. தையல் போட்ட எடம் பிஞ்சிரும்போல வலிக்குது. அத்தைகிட்ட சொல்லக் கூச்சமா இருக்கு. ஒங்ககிட்ட சொன்னா ஏசுவீங்களோன்னு…"

அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. மோட்டாரை அணைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.